கழுதை ஈன்றால் மாட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள்!

கவனம்! உங்கள் வளவுக்குள் வயிற்றோடு ஒரு பெட்டைக் கழுதை நின்றால், இதை இன்றைக்கே வாசியுங்கள். ஈனும் இரவில் வாசிக்க நேரம் இருக்காது.

உயிலங்குளம், முருங்கன் பக்கத்தில் எங்களுக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். பசு கன்று போட்டால் இளங்கொடி விழும்வரை காத்திருப்போம். விழுந்ததும் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். இரவு விழாவிட்டால், விடியப் பார்க்கலாம் என்று படுத்துவிடுவோம். பசுவுக்கு அந்தப் பொறுமை பெரும்பாலும் பிழைக்காது. கழுதைக்கு அந்தப் பொறுமையே எமன். குதிரைக்கும் அப்படித்தான். இது தெரியாமல் எத்தனை தாய்கள் போகின்றன!

மன்னார்த் தீவில் வீதியெல்லாம் கழுதை. சொந்தக்காரர் இல்லாதவைதான் கூட. அவை எங்கே ஈனுகின்றன, எப்படிச் சாகின்றன என்று யார் பார்க்கிறார்கள்? ஆனால் இரக்கப்பட்டு வீட்டோடு சேர்த்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதற்றம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பெயர் வேண்டாம். நடுச்சாமத்தில் குட்டி பிறந்தது. எழும்பிப் பாலும் குடித்தது. கொடி மட்டும் பாதியில் தொங்கியது. “விடியட்டும் பிள்ளை, மாட்டுக்கும் இப்பிடித்தானே” என்றார் ஐயா. விடிந்தது, விழவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு அரைச் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மத்தியானம் கொடி அறுந்து விழுந்தது. நிம்மதியாக ஆலமரத்தில் கட்டியும் விட்டார்கள். ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தாய் தீன் தொடவில்லை. முன்னங்காலை ஊன்றப் பயந்து, பாரத்தைப் பின்னுக்குப் போட்டு நின்றது. மிருக வைத்தியர் தொட்டுப் பார்த்தபோது குளம்பு சுட்டது. உள்ளே ஒரு துண்டு கொடி மிஞ்சி அழுகியிருந்தது. தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

ஏன் இப்படி? பசுவின் கொடி கருப்பையோடு பொத்தான் பொத்தானாக, குறித்த இடங்களில் மட்டும் ஒட்டியிருக்கும். கழுதைக்கும் குதிரைக்கும் பொத்தான் கிடையாது. கொடியின் மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குஞ்சங்கள். அவை கருப்பைச் சுவரெங்கும் பதிந்திருக்கும். அது தானாகக் கழல வேண்டும். இழுத்தால் கிழியும். கிழிந்த துண்டு உள்ளே நின்றால் அழுகும். அந்த நஞ்சு இரத்தத்தில் ஏறும், குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் சதையையே சிதைக்கும்.

மூன்று மணித்தியாலம். அவ்வளவுதான் அவகாசம்! ஒரு மணித்தியாலத்துக்குள் குட்டி எழும்ப வேண்டும். இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்றுக்குள் கொடி முழுதாக விழ வேண்டும். விழாவிட்டால் இரவென்றும் பாராமல் மிருக வைத்தியரை அழையுங்கள். அதுவரை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், கல் கட்டாதீர்கள். தாய் மிதித்துவிடாமல் தொங்குவதைச் சுருட்டி, முடிந்து மட்டும் விடுங்கள்.

ஈனுவதற்கு முன்பே தெரியும் ஆபத்தும் உண்டு. சினைக்காலம் குதிரைக்கு ஏறக்குறைய பதினொரு மாதம், கழுதைக்குப் பன்னிரண்டு. கணக்குக்கு வாரக்கணக்கில் முந்தி மடி இறங்கிப் பால் சொட்டுகிறதா? பின்புறத்தில் சீழோ இரத்தமோ கசிகிறதா? “நல்லாப் பால் வைக்குது” என்று சந்தோஷப்படாதீர்கள். கருப்பை வாய் வழியாகக் கிருமி ஏறிக் கொடியைத் தாக்கியிருக்கலாம். சொட்டிப்போவது சீம்பால் என்றால் அதுவும் பெரிய நட்டம். இந்த இனத்தில் தாயின் நோயெதிர்ப்புச் சக்தி கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது; முதல் நாள் சீம்பாலில்தான் போகும்.

இனி மிகப் பயங்கரமானது. ஈனும்போது முதலில் தெரிய வேண்டியது வெளிறிய, வழுவழுப்பான குடம். அதற்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் துணிபோல ஒரு பை வந்தால் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள்! கொடி குட்டிக்கு முன்பே கழன்றுவிட்டது. குட்டிக்கு ஒட்சிசன் இல்லை. வைத்தியர் வரும்வரை அது தாங்காது. பையைக் கிழியுங்கள், கைக்கு மசியாவிட்டால், உள்ளே குட்டியில் படாமல் கத்தரிக்கோலால் வெட்டித் திறவுங்கள். தாய் முக்கும்போது குட்டியை மெதுவாக வெளியே எடுங்கள்.

கொடி விழுந்த பிறகும் வேலை முடியவில்லை. கையில் ஷொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு, தரையில் விரியுங்கள். காற்சட்டை போல இரண்டு கால் தெரியும், ஒன்று பருத்தது, ஒன்று மெலிந்தது. குட்டி வந்த வாய் ஒன்றுதான் திறந்திருக்க வேண்டும். வேறு ஓட்டை இருந்தாலோ, மெலிந்த காலின் நுனி இல்லாமல் இருந்தாலோ, அந்தத் துண்டு உள்ளேதான் நிற்கிறது. நுனிதான் அடிக்கடி அறும். பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டப் போகவே வேண்டாம். மற்றவர்கள் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

இன்னொன்று. கழுதை வலியைக் காட்டிக்கொள்ளாது. கத்தாது, புரளாது. சும்மா தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். தீனை விட்டாலே பயப்படுங்கள். பட்டினி கிடக்கும் கழுதையின் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து, சில நாளில் ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

விழுந்த கொடியை உடனே ஆலமரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நாய் எட்டாத இடத்தில், மூடியுள்ள வாளியில் போட்டு நிழலில் வையுங்கள். குட்டி பிறந்த நேரத்தையும் கொடி விழுந்த நேரத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். வைத்தியர் வந்ததும் முதலில் கேட்பது இவைதான்.