கூரையை அளக்கும் முன் பில்லைப் பிரியுங்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் மூன்று கொட்டேஷன்களைக் கல்லா மேசையில் பரப்பினார். மூன்றும் அவருடைய கடைக் கூரையில் 10 கிலோவாட் சோலார் போடுவதற்கு. ஒன்றில் 28,000 ரிங்கிட், இன்னொன்றில் 35,000, மூன்றாவதில் 41,000. "எது மலிவுன்னு தெரியுதுண்ணே, எது நல்லதுன்னுதான் தெரியல" என்றார். மூன்றிலும் சீனாவின் பெரிய கம்பெனித் தகடுகள்தான். மூன்றிலும் 25 ஆண்டு உத்தரவாதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

வணிகர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். சோலார் என்றதும் தகட்டின் விலையையும் தரத்தையும்தான் விசாரிக்கிறார்கள். தகடு இன்று அவ்வளவு பெரிய செலவே இல்லை. உலகச் சந்தையில் அளவுக்கு மீறி உற்பத்தியாகி, ஒரு வாட் சுமார் 10 அமெரிக்கக் காசுக்கு இறங்கிவிட்டது. அந்த மொத்த விலையில் 10 கிலோவாட்டுக்குத் தேவையான தகடுகள் அத்தனையும் ஏறக்குறைய 4,500 ரிங்கிட்டுக்குள் அடங்கும். அப்படியானால் முதல் கொட்டேஷனுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலுள்ள 13,000 ரிங்கிட் வித்தியாசம் தகட்டிலிருந்து வந்திருக்கவே முடியாது. இன்வர்ட்டர், தாங்கு சட்டம், கேபிள், திருகாணி, இடிதாங்கி, வேலையாள், அனுமதிக் கட்டணம், லாபம் என்று வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது. அது எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டால், பிறகு கூரை ஒழுகும்போதுதான் தெரியவரும்.

நான் கொட்டேஷனை ஒதுக்கிவிட்டுக் கரண்டு பில்லைக் கேட்டேன். நாலு மாத பில்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

மலாயாவிலேயே முந்தி மின்விளக்கு கண்ட ஊர்களில் ஜார்ஜ் டவுன் ஒன்று. 1904-இல் நகராட்சியே மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகப் பில் கட்டுகிறார்கள், படிப்பதுதான் இல்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு: முன்பு படிக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னக் கடைகளுக்கு முதல் 200 யூனிட்டுக்கு 43.5 சென், அதற்கு மேல் 50.9 சென், அவ்வளவுதான். 2025 ஜூலை 1 முதல், மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் கட்டண முறையே மாறிவிட்டது. குறைந்த மின்னழுத்தத்தில் இணைப்பு வாங்கும் கடைக்கு இப்போது எரிசக்திக்கு 27.03 சென், மின்நிலையத் திறனுக்கு 8.83 சென், கம்பித் தடத்துக்கு 14.82 சென் என்று மூன்றாகப் பிரித்துப் போடுகிறார்கள். கூட்டினால் யூனிட்டுக்கு 50.68 சென். தனியாக மாதம் 20 ரிங்கிட் சில்லறைக் கட்டணம். எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் கூடிக் குறையும் ஒரு வரியும் உண்டு. இவற்றுக்குக் கீழே, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கென்று 1.6 விழுக்காடு. இந்த வரி நம் கண்ணில் படுவதே இல்லை. சோலார் போடாதவரும் நாட்டின் சோலாருக்குப் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சின்னக் கடைக்கு இந்த மூன்றுமே யூனிட் கணக்கில் வருவதால், கூரையில் விளைந்து கடைக்குள்ளேயே செலவாகும் ஒவ்வொரு யூனிட்டும் முழுதாக 50.68 சென் மிச்சப்படுத்தும். பினாங்கு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,250 யூனிட் தரும் என்று வைத்தால், 10 கிலோவாட்டுக்கு 12,500 யூனிட், அதாவது 6,300 ரிங்கிட் சொச்சம். 35,000 ரிங்கிட் போட்டால் ஐந்தரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். விற்பனையாளர் காட்டும் கணக்கும் இதுதான்.

ஆனால் துணிக்கடை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. ஏழரையிலிருந்து பத்து வரை விளையும் மின்சாரத்தைக் கடைக்குள் வாங்கிக்கொள்ள ஆளில்லை. விடுமுறையில் கடை அடைத்தாலும் சூரியன் அடைப்பதில்லை. அந்த மீதம் தெனாகாவின் கம்பிக்குள் போகும். அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதில்தான் விதிகள் ஓயாமல் மாறிவந்திருக்கின்றன.

2011 டிசம்பரில் தொடங்கிய முதல் திட்டத்தில், விளையும் மின்சாரத்தை அரசு விதித்த நல்ல விலைக்குத் தெனாகா வாங்கிக்கொண்டது. 2016-இல் 'நெம்' என்ற நிகர அளவீட்டுத் திட்டம் வந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டபோது, கொடுத்த ஒரு யூனிட்டுக்கு வாங்கும் ஒரு யூனிட் கழியும் என்று வணிகர்களுக்கும் சலுகை கிடைத்தது. அந்தக் காலத்தில் போட்டவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். 2021-க்குப் பிறகு வணிகர்களின் மீதத்துக்கு மின்சந்தை விலைதான்: அந்த நேரத்தில் ஓடும் மின்நிலையங்களில் கடைசியாக இயக்கப்படுவதன் உற்பத்திச் செலவு. கடைக்காரர் வாங்கும் விலையில் பாதிகூடத் தேறாது. நெம் 2025 ஜூன் 30-இல் முடிந்து, 2026 ஜனவரியில் 'சோலார் ஆதாப்' வந்திருக்கிறது. ஆதாப் என்றால் மலாயில் கூரை, பெயர் பொருத்தம்தான். இதிலும் வணிகர்களுக்குச் சந்தை விலைதான். அந்த மாதக் கழிவை அந்த மாதமே தீர்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக முடியாது.

நண்பரின் 12,500 யூனிட்டில் கால்வாசி கம்பிக்குள் போய், அதற்கு யூனிட்டுக்கு 20 சென்தான் கிடைக்கிறது என்று வைத்துப் பாருங்கள். மிச்சம் 5,400 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கி, முதல் திரும்ப ஆறரை ஆண்டாகிவிடும். அதற்குள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றால் நல்ல முதலீடுதான். அதே தெருவில் மதியம் வாழையிலைச் சாப்பாடு போடும் கடைக்குக் கணக்கு இன்னும் நன்றாக வரும்: காலையிலிருந்தே குளிர்பெட்டி, மாவரைக்கும் எந்திரம், புகைபோக்கி விசிறி, பன்னிரண்டு மணிக்கு எல்லா ஏர்கானும். இரவு முழுக்க ஓடும் நாசி கண்டார் கடைக்கோ கரண்டு பில்லில் பாதி இருட்டிய பிறகு ஏறுவது. அதைத் தகடு தொடாது.

பெரிய ஆலைகளின் கதை வேறு. பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் நடுத்தர மின்னழுத்தத்தில் இணைப்பு வாங்குகிறவர்கள் 2023 தொடக்கத்தில் யூனிட்டுக்கு 20 சென் எரிபொருள் கூடுதல் கட்டணம் கட்டினார்கள். சோலார் பக்கம் பலர் தலைதெறிக்க ஓடியது அப்போதுதான். இன்று அவர்கள் பில்லில் யூனிட்டோடு இன்னொரு பெரிய ஆசாமியும் உண்டு, மேக்சிமம் டிமாண்ட். மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் ஆலை மிக அதிகமாக இழுத்ததோ, அந்த அளவுக்குத்தான் முழு மாதத்துக்கும் கட்டணம். கிலோவாட்டுக்கு 30 ரிங்கிட்டாக இருந்தது, 2025 ஜூலைக்குப் பிறகு திறனும் தடமும் சேர்ந்து 89 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. 300 கிலோவாட் இழுக்கும் தொழிற்சாலை, ஒரு யூனிட் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே மாதம் 26,700 ரிங்கிட் எடுத்து வைக்க வேண்டும்.

சூரியன் இதைக் குறைக்குமா? மாதத்தில் 29 நாள் குறைக்கும். முப்பதாவது நாள் மூன்று மணிக்கு மேற்கிலிருந்து மேகம் திரண்டு, எல்லா எந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தால், அந்த 29 நாளும் போச்சு. பினாங்கில் அப்படி மழை பெய்யாத மாதம் அபூர்வம். ஆகவே ஆலைக்காரர் சோலாரில் மிச்சமாவதை யூனிட் கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரியை வைத்து ஆசை காட்டும் கொட்டேஷன்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு சங்கதி: நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு உச்ச நேரம் முன்பு காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை. இப்போது வார நாள்களில் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரைதான். முற்பகல் வெயில் முழுக்க மலிவு நேரத்தில் விழுகிறது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு புதுத் தகடு போடக் கூடாது.

இனி தரம். தகட்டின் மேல் எழுதியிருக்கும் வாட், 25 டிகிரி வெப்பத்தில் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நம் கூரையில் நண்பகலில் தகடு 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.3 விழுக்காடு வீதம் இறங்கினால் 10 கிலோவாட் ஒன்பதாகிவிடும். இது குறையல்ல, இயல்பு. நல்ல விற்பனையாளர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

புக்கிட் மெர்தாஜாமில் மசாலா அரைக்கும் ஆலை வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். கூரை கிட்டத்தட்ட தட்டை. தகடுகளையும் அதே சாய்வில் படுக்க வைத்துவிட்டார்கள், மிளகாய்த்தூள் வெளியேறும் புகைபோக்கிக்குப் பத்தடி தள்ளி. மழை பெய்தால் தானே கழுவிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மழை கழுவத்தான் செய்தது. மிளகாயும் மஞ்சளும் தண்ணீரோடு இறங்கி, கீழ்ச்சட்டத்தின் விளிம்பில் தேங்கி, காய்ந்து, விரற்கடை அகலத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றுப் போட்டது. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் தகட்டின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் முன்னால் ஒரு காவடி நின்றால் பின்னால் வரிசை முழுக்க நிற்கிறதல்லவா, அப்படித்தான். அடிவரிசைச் செல் இருட்டானால் அதோடு கோத்த வரிசையும் படுத்துவிடும். உற்பத்தி ஏன் குறைகிறது என்று தெரியாமல் பல மாதம் தகட்டுக் கம்பெனியைத் திட்டினார். பிறகு ஆலைப் பையன் ஒருவனை ஏற்றிவிட்டுக் கழுவச் சொல்ல, அவன் தகடுகள் மேலேயே நடந்து கழுவினான். கண்ணாடி உடையவில்லை. உள்ளே சிலிக்கானில் தலைமயிர் அளவுக்கு விரிசல் விழுந்தது. அதற்கு உத்தரவாதம் செல்லாது. சோலார் போட்டுக்கொடுத்தவர் அதற்குள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

நம்மில் பலருக்குச் சொந்த பந்தம் உள்ள ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் பண்ணை வந்தது. அங்கே புழுதியைத் துடைக்க ரோபோக்களே உண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். பத்து டிகிரிக்குக் குறையாத சாய்வு, நடப்பதற்குத் தனிப் பாதை, ஆண்டுக்கு இரண்டு முறை முறையான சுத்தம் போதும். கடலை ஒட்டிய பெங்காலான் வெல்ட் பக்கம் என்றால் உப்புக் காற்றுக்குச் சோதிக்கப்பட்ட தகடா, திருகாணி துருப்பிடிக்காத எஃகா என்று கேட்க வேண்டும். மலிவான கொட்டேஷன் பெரும்பாலும் இந்தத் திருகாணியில்தான் மலிவாகிறது. கேபிள் இணைப்பின் ஆண் பெண் முனைகள் இரண்டும் ஒரே தயாரிப்பா என்றும் பாருங்கள். பொருந்தாத இணைப்பு சூடேறி, கூரையில் தீப்பிடிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. தகட்டுக்கு 25 ஆண்டு என்று சொன்னாலும் இன்வர்ட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது, நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். போட்டுக்கொடுப்பவர், நாட்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிக்கும் சேடா அமைப்பில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது முதல் வேலை.

'காசே போட வேண்டாம், நாங்களே போடுகிறோம், விளையும் மின்சாரத்தைத் தள்ளுபடி விலையில் எங்களிடம் வாங்குங்கள்' என்பவர்களும் வருகிறார்கள். முதல் இல்லாத ஆலைக்கு அது மோசமில்லை. ஒப்பந்தம் 15, 20 ஆண்டுக்கு ஓடும். விலை ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், ஆலை பாதி நாள் மூடினாலும் குறைந்தபட்ச யூனிட்டுக்குக் காசு கேட்பார்களா, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தகடு செய்யும் ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு குழப்பமா என்று தோன்றலாம். பக்கத்துக் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் பல ஆண்டுகளாகத் தகடு செய்கிறது. பினாங்கில் ஜின்கோ சோலார் 2015-இல் ஆலை திறந்தது. இவை கண் வைத்தது அமெரிக்கச் சந்தை மேல். 2025 ஏப்ரலில் அமெரிக்கா தென்கிழக்காசியத் தகடுகளுக்குத் தீர்வை அறிவித்தபோது, மலேசிய ஜின்கோவுக்கு 41.56 விழுக்காடு விழுந்தது. இங்கே செய்தது அங்கே போவதும், சீனாவில் செய்தது நம் கூரைக்கு வருவதும் வியாபார உலகின் விசித்திரம்.

துணிக்கடை நண்பரிடம் திரும்பி வருவோம். பில்லைப் பார்த்தால் கணக்கு ஒத்துவரும் போலத்தான் இருந்தது. மாடிக்குப் போய்க் கூரையைப் பார்த்தோம். பழைய கடைவீடு, முகப்பு குறுகல், ஆழம் நீளம், நடுவே காற்றுமுற்றம், மேலே சுட்ட மண் ஓடு. ஒரு தகடு முப்பது கிலோ வரை வரும். ஓட்டின் மேல் ஆள் நின்றாலே உடையும், அடியில் மரச்சட்டம் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். அதோடு லெபோ பசார், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மரபுப் பகுதிக்குள் இருக்கிறது. மாநகர் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அங்கே கூரையின் தோற்றத்தில் கை வைக்க முடியாது. மூன்று கொட்டேஷன்களில் ஒன்றில்தான் இந்த அனுமதிக்கு ஒரு வரி இருந்தது. 41,000 ரிங்கிட் கொட்டேஷன் அது.

படியிறங்கிக் கடை முன் அஞ்சடி நடைபாதைக்கு வந்து நின்றோம். "இந்தக் கட்டடம் உங்களுதா?" என்று கேட்டேன். வாடகைக்கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கிய பிறகு, 2000-லிருந்து இந்தத் தெருவில் வாடகை எப்படி ஏறியது என்று அவர் அரைமணி நேரம் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. அதில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. கூரை யாருடையது என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லையாம். கொட்டேஷன்களை மடித்துக் கல்லாவுக்குள் போட்டுவிட்டு, வீட்டுக்காரரின் நம்பரைப் போனில் தேட ஆரம்பித்தார்.