கரிசலும் கணினியும் – 14
காலிக் கட்டத்தில் நிற்பவர்கள்

"ஏம்மா, இன்சூரன்ஸுக்கு இன்னும் அடங்கல் வாங்காதவுக யாரு யாருன்னு ஒரு லிஸ்ட் எடு."

ஐப்பசியில் திருச்சுழிப் பக்கம் எந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் போனாலும் இப்படியொரு குரல் காதில் விழலாம். மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, மல்லி, குதிரைவாலி என்று விதைத்துவிட்டு வானம் பார்க்கிற காடு இது. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) தரும் சாகுபடிப் பதிவான அடங்கலோ விதைப்புச் சான்றோ வேண்டும். கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும். அதனால் அந்த லிஸ்ட்டை ஒருமுறை எடுத்தால் போதாது, தேதி முடிகிறவரை தினமும் எடுக்க வேண்டும். வேண்டியவர்களை மட்டும் வடிகட்டித் தரும் ஃபில்டரைப் பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கும் வசதி இதற்காகத்தான்.

சேமிக்கப்படுவது லிஸ்ட் அல்ல என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். 'கிராமம் இது, பயிர் இது, அடங்கல் இல்லை' என்ற நிபந்தனைகள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. நாளைக்குத் திறந்தால் நாளைய தரவின் மேல் அதே கேள்வி மறுபடி கேட்கப்படும். இன்று அடங்கல் கொடுத்தவர் நாளை தானாகவே லிஸ்ட்டிலிருந்து இறங்கிவிடுவார். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை இன்றைய தரவுத்தளங்களுக்கு அஸ்திவாரம். 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் அதன்மேல் ஒரு வினவல் மொழியைக் கட்டினார்கள். அதன் வழிவந்ததுதான் எஸ்க்யூஎல். நாம் மவுஸால் தட்டிப் போடுகிற பல ஃபில்டர்கள் உள்ளே அந்த மொழியின் ஒரு வாக்கியமாகவே மாறுகின்றன.

அந்த மொழியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. காலியாக விடப்பட்ட கட்டத்தை அது 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெரியாது' என்றே எடுத்துக்கொள்ளும். அடங்கல் என்ற பத்தியில் சிலருக்கு 'உண்டு', சிலருக்கு 'இல்லை', சிலருக்கு ஒன்றுமே நிரப்பவில்லை என்று வையுங்கள். 'இல்லை' என்று ஃபில்டர் போட்டால் காலிக் கட்டக்காரர்கள் வர மாட்டார்கள். சரி, 'உண்டு அல்லாதவர்கள்' என்று திருப்பிப் போட்டால்? அப்போதும் வர மாட்டார்கள். தெரியாத ஒன்று 'உண்டு'க்குச் சமமா, சமமில்லையா என்று கேட்டால் அதற்கும் 'தெரியாது' என்பதே பதில், உறுதியான 'ஆம்' கிடைத்த வரிசைகளை மட்டுமே ஃபில்டர் காட்டும். எக்செல் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்: 'சமமில்லை' என்று போட்டால் காலிக் கட்டங்களையும் சேர்த்துக் காட்டும். ஆகவே எக்செல்லில் பழகியவர் தரவுத்தள மென்பொருளுக்கு மாறும்போது, ஃபில்டர் அதேதான், ஆட்கள் குறைந்துபோவார்கள். திரையில் எந்தச் சிவப்பு எழுத்தும் வராது.

யாருடைய கட்டம் காலியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறவர், கூட்டுப் பட்டாவில் பங்காளிகளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், எழுத்தில்லாமல் வாரத்துக்கு உழுகிறவர், மகன் திருப்பூரில் இருக்க ஊரில் தனியாக இருக்கும் அம்மா. கேட்டு எழுத யாரும் போகவில்லை, அதனால் கட்டம் காலி. அடங்கல் கிடைப்பது இவர்களுக்குத்தான் கடினம், லிஸ்ட்டில் முதலில் வர வேண்டியவர்களும் இவர்களே. 'அடங்கல் இல்லை' என்ற ஃபில்டரைச் சேமிக்கிறவர், 'அடங்கல் கட்டம் காலி' என்று இன்னொன்றையும் பக்கத்திலேயே சேமித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. இரண்டையும் ஒன்றாக்கலாமே என்பார்கள். ஆக்கலாம், ஆனால் முதல் கூட்டத்துக்குப் போன் போட்டால் போதும். இரண்டாவது கூட்டத்துக்கு வீடுவரை போக வேண்டும்.

அடுத்த வில்லங்கம் ஆண்டு. புரட்டாசியில் விதைத்தது தை, மாசியில்தான் வீடு வரும். 'ஆண்டு 2024' என்று ஃபில்டர் வைத்தால் விதைப்பு ஒரு பக்கமும் அறுவடை மறுபக்கமும் அறுந்துவிடும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு வெள்ளாமையை அறுக்காது, ஆனால் அடங்கல் எழுதப்படுவது அந்தக் கணக்கில் இல்லை. வருவாய்த் துறை கைவிடாத பசலி ஆண்டில்தான் எழுதப்படுகிறது. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. 2024 ஜூலையில் பிறந்தது 1434. அக்பர் காலத்தில் வேர்விட்ட ஏற்பாடு, நம் மானாவாரிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஃபில்டரில் 1434 என்று எண்ணை நேராக எழுதாமல் கணக்காக வைப்பது இன்னும் நல்லது: ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டிலிருந்து 590 கழிக்க வேண்டும், ஜனவரி முதல் ஜூன் வரை 591. மென்பொருள் அதற்கு இடம் கொடுத்தால் ஒவ்வொரு ஜூலையிலும் யாரும் கைவைக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர் தனிக் கூத்து. கல்லூரணி திருச்சுழிப் பக்கமும் உண்டு, பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்திலும் உண்டு. இது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற குழப்பம். அருப்புக்கோட்டை தருவது கண்ணுக்கே தெரியாதது. அதிலுள்ள 'கோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் நிற்கும். குறிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பும் புதிதாகத் தட்டச்சிட்ட கோப்பும் ஒரே பட்டியலில் சேரும்போது இதைச் சந்திக்க நேரலாம். பெயரை விட்டுவிட்டு, ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் தந்திருக்கும் எண்ணை வைத்து ஃபில்டர் போடுவது புத்திசாலித்தனம். ஊர்க்காரர்களுக்கு அந்த எண் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நிர்வாகம் என்று வந்தால் சண்டை பொதுவாகப் பகிர்ந்த ஷீட்டில்தான் வரும். கூகுள் ஷீட்ஸில் ஒருவர் சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லார் திரையிலும் வரிசைகள் மறையும். பந்தல்குடி உறுப்பினர்களை மட்டும் ஒருவர் பார்க்கப் போக, நரிக்குடியில் இருப்பவர் "அண்ணே, எங்க ஊரை யாரு அழிச்சது?" என்று போனில் பதறுவார். அங்கே 'ஃபில்டர் வியூ' என்று தனியாக ஒன்று இருக்கிறது, பெயர் கொடுத்து வைத்துக்கொண்டால் அடுத்தவர் திரை கலையாது. பெயரும் ஒழுங்காக இருக்கட்டும். 'புதுசு', 'புதுசு2', 'கடைசி' என்றெல்லாம் இருந்தால் வேலைக்குச் சேர்ந்த புதியவர் எதைத் திறப்பார்? நிபந்தனை என்ன, யார் போட்டது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்: 'மக்காச்சோளம்–அடங்கல் காலி–நடப்புப் பசலி–கணக்கர்' என்பதுபோல. நீளம்தான், இருக்கட்டும். பொது ஃபில்டரின் நிபந்தனையை மாற்றும் உரிமை ஒருவரிடமோ இருவரிடமோ இருந்தால் போதும். மற்றவர்கள் நகலெடுத்துத் தங்களுக்கு வேண்டியபடி திருத்திக்கொள்ளலாம்.

ஜூலை பிறந்ததும் போன வருஷத்து ஃபில்டர்களை ஒட்டுமொத்தமாக அழித்துத் துப்புரவு செய்யும் ஆசை வரும். ஆனால் காப்பீட்டு இழப்பீடு அடுத்த பசலி பிறந்த பிறகும் வந்துகொண்டிருக்கும். வங்கிக் கணக்கில் பணம் ஏறாதவர் கேட்டு வரும்போது, பிரீமியம் கட்டிய நாளில் அவர் எந்தக் கிராமத்தில், எந்தப் பயிருக்கு, எந்த சர்வே எண்ணில் இருந்தார் என்று எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். தானாக நகரும் ஃபில்டர் இதற்கு உதவாது. அது நடப்புப் பசலிக்குத் தாவியிருக்கும். ஆகவே கடைசித் தேதியன்று மாலை, பசலி எண்ணை நேராகவே எழுதிய நகல் ஒன்றைச் சேமித்து, அன்றைய லிஸ்ட்டையும் தனிக் கோப்பாக இறக்கி, ஒரு பிரதி அச்செடுத்துக் கையெழுத்தோடு ஃபைலில் போட்டு வைப்பது நல்லது. பணம் வந்து சேர்ந்து கேள்விகள் ஓய்ந்த பிறகு அந்த நகலை அழித்துக்கொள்ளலாம்.

(தொடரும்)