மாத்திரை ஆரம்பித்த பிறகும் ஊசி எதற்கு?

போன வருஷம் அம்மாவுக்கு இடது கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்ததில் உள்சிரையில் ரத்தக்கட்டு. வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, கூடவே வார்ஃபரின் மாத்திரை. மூன்றாம் நாள் அம்மா, "ரெண்டும் ஒரே வேலைதானே? மாத்திரைதான் போடறேனே, ஊசியை நிறுத்தச் சொல்லுப்பா" என்றாள். எனக்கும் அதே சந்தேகம். நர்ஸிடம் கேட்டேன். "அஞ்சு நாளாவது போடணும் சார்" என்றார். ஏன் என்று அன்றிரவு தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, இது என் புரிதல் மட்டுமே.

ரத்தம் உறைய உதவும் புரதங்களில் நான்கு (காரணி 2, 7, 9, 10) கல்லீரலில் வைட்டமின் கே துணையோடு தயாராகின்றன. உறைதல் எல்லை மீறாமல் பிரேக் போடும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகியவற்றுக்கும் அதே வைட்டமின்தான் வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் சுழற்சியைத் தடுக்கிறது. ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டின் உற்பத்தியும் ஒன்றாகப் படுத்துவிடும்.

பிரச்சினை, ஏற்கனவே ரத்தத்தில் இருக்கும் ஸ்டாக்கில். அதை வார்ஃபரின் தொடாது; அது தானாகத் தீர வேண்டும். புரோட்டீன் சி சுமார் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காரணி 2 பாதியாக 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது முதல் சில நாட்களில் பிரேக் போய்விட்டது, ஆக்சிலரேட்டர் இன்னும் இருக்கிறது. ரத்தத்தை இளக்கத் தரும் மருந்து, கொஞ்ச நாளைக்கு ரத்தம் உறைவதற்கே வழி செய்கிறது! அந்த இடைவெளியைக் காப்பதுதான் ஹெப்பாரின் ஊசி.

காப்பு இல்லாமல் போனால் சிலருக்குத் தோலின் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து, அந்த இடம் செத்துவிடும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வரும். கொழுப்பு அதிகமுள்ள மார்பகம், தொடை, பிட்டம், வயிறு ஆகிய இடங்களில் முதலில் வலி, பிறகு சிவப்பு, பிறகு கறுப்பு. பெண்களுக்கே அதிகம். அபூர்வம்தான்: மருந்து எடுக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. பிறவியிலேயே புரோட்டீன் சி குறைவாக உள்ளவர்களுக்கும், முதல் நாளே பெரிய டோஸில் ஆரம்பிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

இப்படித் தோல் கருகுவது 1943-லேயே பதிவாகிவிட்டது. 1954-ல்தான் இந்த மருந்துக் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டார்கள். காரணம் புரிய இன்னும் காலம் ஆனது. ஏனென்றால் புரோட்டீன் சி-க்குப் பெயர் வைத்ததே 1976-ல், ஸ்வீடனின் ஸ்டென்ஃப்ளோ. மாட்டு ரத்தத்தைப் பிரித்தபோது மூன்றாவதாக வந்த பகுதி, அதனால் 'சி'. அவ்வளவுதான்!

இன்னொரு குழப்பம் ஐஎன்ஆர். இரண்டாம் மூன்றாம் நாளிலேயே அந்த எண் ஏறலாம். அது பெரும்பாலும் 6 மணி நேரத்தில் பாதியாகும் காரணி 7 குறைந்ததன் விளைவு. காரணி 2 இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்து ஊசியை நிறுத்துவதில்லை. குறைந்தது 5 நாள், கூடவே ஐஎன்ஆர் 2-க்கு மேல் 24 மணி நேரமாவது நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஊசிக்கு விடுதலை.

இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இடித்துக்கொண்ட இடம் கன்றிப்போவது சகஜம், அது வேறு. ஆனால் முதல் பத்து நாளில், அடிபடாமலே தொடையிலோ வயிற்றிலோ மார்பிலோ கடும் வலியோடு சிவந்தால், களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, ஹெப்பாரினுக்கு மாற்றுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே ரத்தக்கட்டு வந்திருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். பழைய ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அம்மாவுக்கு ஆறாம் நாள் ஊசி நின்றது. "நர்ஸு சொன்னப்பவே சரின்னிருக்கலாம்ல, ராத்திரி பூரா முழிச்சுப் படிக்கணுமா?" என்றாள்.