வலி காலில், கோளாறு முதுகில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு இரண்டு மாதமாக இடது புட்டத்தில் வலி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் வந்து இறங்கினால், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும். "வாயுப் பிடிப்பா இருக்கும், எண்ணெய் தேய்ங்க சித்தப்பா" என்று சொன்னது நான்தான். தப்பு என் மேல்தான். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

சியாட்டிக் நரம்பு நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு. கீழ் முதுகிலும் அதற்கடுத்த திருவெலும்பிலும் இருந்து வரும் ஐந்து வேர்கள் சேர்ந்து, புட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. வேர் எங்கே நசுங்கினாலும் வலி காலில்தான் தெரியும். சாஃப்ட்வேரிலும் இதே கதைதான்: எரர் ஓரிடம், பிழை வேறிடம்.

நசுக்குவது எது?

1. டிஸ்க் பிதுங்குவது. இதுதான் அதிகம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை வெளியே தள்ளி வேரை அழுத்தும். பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலாக ஏற்கப்பட்டது. இருமினால், தும்மினால், குனிந்தால் வலி கூடும்.

2. வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் சுருங்குவது. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும்.

3. ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் முன்னால் நழுவுவது.

4. புட்டத்துக்குள் இருக்கும் பிரிஃபார்மிஸ் தசை இறுகுவது. பின் பாக்கெட்டில் தடிமனான பர்ஸ் வைத்து மணிக்கணக்கில் உட்காருவதும் நரம்பை அழுத்தும். நான் அன்றே பர்ஸை முன் பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன்.

பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். படுத்தே கிடக்கத் தேவையில்லை, முடிந்தவரை நடமாடுவதே நல்லது.

ஆனால் சித்தப்பா ஒருநாள், "செருப்பு கழன்டு விழுறதே தெரிய மாட்டேங்குதுடா" என்றார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. வலி குறைந்திருந்தது, நரம்பு செத்துக்கொண்டிருந்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேனில் டிஸ்க் நன்றாகப் பிதுங்கியிருந்தது. ஆபரேஷன் ஆனது. இப்போது நடக்கிறார், ஆனால் பாதம் முழுசாகத் திரும்பவில்லை.

பாதம் தொங்கினாலோ, இரண்டு காலும் மரத்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.