சினை ஊசிக் குடுவையில் கெல்வினும் மோலும்

செஞ்சி வட்டாரத்துக் கால்நடை மருந்தகங்களில் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கெனப் பாதுகாக்கப்படும் உறைவிந்துக் குச்சிகள், உதகமண்டலத்திலும் தஞ்சாவூர் மாவட்டத்து ஈச்சங்கோட்டையிலும் உள்ளவை போன்ற உற்பத்தி நிலையங்களிலிருந்து, திரவ நைட்ரஜன் நிறைந்த அலுமினியக் குடுவைகளில் மூழ்கிய நிலையிலேயே கிராமங்களை வந்தடைகின்றன. கால் மில்லிலிட்டரே கொள்ளும் அக்குச்சிக்குள் இருக்கும் உயிரணுக்கள், ஏறத்தாழ −130 பாகை செல்சியஸுக்குக் கீழே உயிர்வேதி வினைகள் அனைத்தும் நின்றுபோவதால், ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கின்றன. உறையும்போது பனிப்படிகங்கள் அவற்றைச் சிதைக்காதபடி கிளிசரால் காக்கும் என்பதை இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் உடனாய்வாளர்களும் 1949இல் வெளியிட்ட பிறகே இம்முறை உலகெங்கும் பரவிற்று.

நைட்ரஜன் −196 பாகை செல்சியஸில், அதாவது 77 கெல்வினில், கொதிக்கிறது. வெப்பநிலை அதற்குமேல் குறையவே முடியாத எல்லையைச் சுழியமாகக் கொண்டு தொடங்கும் அலகு கெல்வின் என்பதால், கோடையில் 40 பாகையைத் தொடும் செஞ்சியின் காற்று 313 கெல்வினில், குடுவைத் திரவத்தைப் போல் நான்கு மடங்கு வெப்பநிலையில் இருக்கிறது என்று சொல்வது பொருளுடையதாகிறது. செல்சியஸில் அவ்வாறு மடங்கு சொல்ல இயலாது.

இத்தனை வேறுபாடு இருந்தும் குடுவைக்கு வெப்பமானி தேவைப்படுவதில்லை என்பதே இதில் வியக்கத்தக்கது. குடுவையின் இரட்டைச் சுவர்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தையும் மீறி உள்ளே கசியும் வெப்பம் முழுவதும் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், கடைசிச் சொட்டு உள்ளவரை திரவத்தின் வெப்பநிலை 77 கெல்வினை விட்டு நகர்வதில்லை. ஆகவே கவனிக்க வேண்டியது திரவத்தின் உயரம் மட்டுமே. அளவுகோலை அடிவரை இறக்கிச் சில விநாடிகள் வைத்திருந்து வெளியே எடுத்துக் காற்றில் அசைத்தால், மூழ்கியிருந்த பகுதியில் மட்டும் காற்றின் ஈரம் வெண்பனியாகப் படிகிறது. அவ்வெண்மை எட்டிய இடமே குடுவையின் கையிருப்பு.

ஆவியாகும் நைட்ரஜன் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அறிவதற்கு மோல் என்னும் அலகு வேண்டும். நெல்லை மணி மணியாக எண்ணாமல் மரக்காலால் அளந்ததைப் போல, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை வேதியியலார் மோலால் அளக்கின்றனர். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது, மோலோ 6.02214076ஐ 10இன் 23ஆம் அடுக்கால் பெருக்கக் கிடைக்கும் எண்ணிக்கை என 2019 மே 20 முதல் உலகம் முழுவதற்கும் மாறாதபடி வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு மோல் நைட்ரஜனின் நிறை 28 கிராம். அது திரவமாக இருக்கையில் சுமார் 35 மில்லிலிட்டர்; அதே மூலக்கூறுகள் வாயுவாகி அறை வெப்பநிலைக்கு வந்ததும் 24 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கின்றன, அதாவது ஏறத்தாழ 700 மடங்கு.

குடுவையின் மூடி இறுக்கமில்லாமல் தளர்வாகவே அமைக்கப்படுவதற்கு இதுவே காரணம். இறுக அடைத்தால் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகிக் குடுவை வெடித்துவிடக்கூடும். கவிழ்ந்து கொட்டும் ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டர் அளவுக்குக் காற்றை, அதிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து, வெளியே தள்ளிவிடும் என்பதாலும், நைட்ரஜனுக்கு நிறமோ மணமோ இல்லாததால் மூச்சுத்திணறல் உணரப்படாமலே மயக்கம் வந்துவிடும் என்பதாலும், குடுவையைக் காற்றோட்டமுள்ள அறையில்தான் வைக்க வேண்டும். கதவும் சன்னலும் அடைத்த வண்டியில் ஆட்களோடு சேர்த்து ஏற்றிச் செல்லலாகாது.