சோம்பலா, குருதிச்சோகையா?

பாடசாலைப் படிகளில் ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். "சோம்பல்" என்று உம்மா ஏசுவார். உயரத்துக்கு ஏற்ற நிறை இருந்ததால் நானும் அப்படியே நம்பினேன். ஆனால் பதுளையில் குருதியைப் பரிசோதித்தபோது ஈமோகுளோபின் 9.4 கிராம்தான் இருந்தது. என் வயதுப் பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமாவது இருக்க வேண்டும்.

தராசு பாரத்தை மட்டுமே சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, குருதியில் என்ன குறை என்று சொல்லாது. தசைகளுக்கு ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின். அது குறைந்தால் அதே வேலைக்கு இதயம் வேகமாகத் துடிக்கும். உடல் விரைவில் களைக்கும்.

இது நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலேயே ஆராயப்பட்டது. 1977இல் வெளியான ஆய்வொன்றில் பெண்களை ட்ரெட்மில்லில் நடக்கவைத்தனர். ஈமோகுளோபின் குறைந்தவர்கள் சீக்கிரம் களைத்தனர். 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், இரும்புச்சத்துக் கொடுத்து ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் கூடியவர்கள் அதிகக் கொழுந்து பறித்தனர். மிகக் குறைவாக இருந்தவர்களே அதிகம் முன்னேறினர்.

வைத்தியர் எனக்கு இரும்பு மாத்திரை தந்தார். சோறு சாப்பிட்டதும் பிளேன்டீ குடிக்க வேண்டாம் என்றார். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாதாம். தேசிக்காயும் கொய்யாவும் இரும்பு சேர உதவும்.

மூன்று மாதங்களின் பின் 12.1 ஆனது. இதைக் கேட்ட என் தோழி, பசறையில் கொழுந்து பறிக்கும் தன் தாயையும் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றாள்.

பெற்றோரே, பிள்ளை களைத்தால் ஏசுமுன் குருதியைப் பரிசோதித்துப் பாருங்கள்.