பள்ளி வரை வந்த சைக்கிள் பல்கலைக்கழகத்துக்கு வருமா?

திருப்பதி: ஏழுமலையானின் நகரம் என்று நாடு அறிந்த திருப்பதிக்குக் கல்வி நகரம் என்ற இன்னொரு முகமும் உண்டு. 1954-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-ல் உருவான ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2005-ல் பிறந்த கால்நடைப் பல்கலைக்கழகம், 2020-ல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம் ஆகியவை சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அமைந்துள்ளன. சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான தொலைவு இருக்க முடியாது. ஆனால் இங்குள்ள சாலைகளை ஆள்வது மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும்தான்.

இந்தக் கல்வி நிலையங்களின் எல்லை திருப்பதியோடு முடிவதில்லை. தமிழக எல்லையை ஒட்டியுள்ள நகரி, அடுத்துள்ள புத்தூர் போன்ற ஊர்கள் சென்னை - திருப்பதி சாலையில் உள்ளன. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் நகரியில் விசைத்தறியே பல குடும்பங்களின் பிழைப்பு. அத்தகைய வீட்டிலிருந்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு ரயிலும் பஸ்ஸும் திருப்பதி வரை உண்டு. நிலையத்திலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் கடைசிச் சில கிலோமீட்டர்தான் தினசரிச் செலவாகவும் நேர விரயமாகவும் நிற்கிறது. நான்கு கிலோமீட்டரை நிதானமாக மிதித்தாலும் இருபது நிமிடத்துக்குள் கடந்துவிடலாம்.

பிளஸ் 2-வோடு முடியும் பயணம்: தமிழகத்தில் 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவ, மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆந்திரத்திலும் 2014-19 தெலுங்கு தேசம் ஆட்சியின்போது ‘படிகொஸ்தா’ என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு சைக்கிள்கள் வழங்கப்பட்டன.

இதன் பலன் பிகாரில் அளந்து பார்க்கப்பட்டுள்ளது. 2006-ல் அங்கு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு சைக்கிள் வழங்கத் தொடங்கிய பின், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் எண்ணிக்கை சுமார் 32 சதவீதம் உயர்ந்தது என கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்களின் ஆய்வு கூறுகிறது. பள்ளி தொலைவில் உள்ள கிராமங்களில்தான் மாற்றம் அதிகம். பள்ளி வரை இத்தனை பயன் தந்த வாகனத்துக்குக் கல்லூரிப் பருவத்தில் இந்தத் திட்டங்களில் இடமில்லை.

வழிகாட்டும் வளாகங்கள்: சென்னை, கரக்பூர் ஐஐடி வளாகங்களில் மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கு சைக்கிள்தான் மாணவர் வாகனம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2012-ல் ‘நம்ம சைக்கிள்’ என்ற பகிர்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. மைசூரில் 2017 ஜூனில் ‘ட்ரின் ட்ரின்’ திட்டம் 450 சைக்கிள்கள், 48 நிலையங்களுடன் தொடங்கியது. ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் விட்டுச் செல்லலாம் என்பதே அதன் சிறப்பு. ரயிலில் வந்து இறங்கும் மாணவருக்கு இத்தகைய ஏற்பாடே ஏற்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள டேவிஸ் நகரம் இன்னொரு பாடம். 1960-களில் அங்குள்ள பல்கலைக்கழகம் விரிவடைந்தபோது, வளாகத்தைச் சைக்கிளுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என அதன் தலைவர் எமில் மிராக் வலியுறுத்தினார். வளாகத்தின் மையப் பகுதி கார்களுக்கு மூடப்பட்டது. 1967-ல் நகரச் சாலைகளிலும் சைக்கிளுக்குத் தனிப் பாதை ஒதுக்கப்பட்டது. வளாகமும் நகரமும் சேர்ந்து செயல்பட்டதே அதன் வெற்றிக்குக் காரணம்.

தடைகள்: திருப்பதியில் சித்திரை, வைகாசி வெயில் கடுமையானது. பக்தர்களின் வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலைகளில் சைக்கிளில் செல்வது அச்சம் தருவது. மாலையில் தாமதமாகத் திரும்பும் மாணவிக்குத் தெருவிளக்கும் பாதுகாப்பும் முக்கியம். நிழல் தரும் மரங்கள், பூட்டி வைக்க மேற்கூரையுள்ள நிறுத்துமிடம், பழுது பார்க்க ஒரு கடை ஆகியவை இல்லாமல் சைக்கிளை மட்டும் கொடுப்பதால் பயனில்லை. 2017-18-ல் செல்போன் செயலி மூலம் சைக்கிள் வாடகைக்கு விட வந்த நிறுவனங்களில் சில, குறுகிய காலத்திலேயே விலகிக்கொண்டதையும் மறக்க இயலாது. லாபத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு மாணவர்களை நடுவழியில் விட்டுவிடும்.

கொள்கைக்குப் பஞ்சமில்லை: வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 45 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. 2020 ஜூனில் நகரங்களைச் சைக்கிளுக்கு ஏற்றவையாக மாற்றும் போட்டியை மத்திய அரசு அறிவித்தது. திருப்பதியோ 2016-லேயே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற நகரம். 2022-ல் திருமலைக்கு மின்சார பஸ்களும் விடப்பட்டன.

மலை மீது செல்லும் பக்தருக்குப் புகையில்லாத பயணம் சாத்தியமாகியுள்ளது. அடிவாரத்தில் படிக்கும் மாணவருக்கும் அது கிடைக்க, பல்கலைக்கழகங்களும் மாநகராட்சியும் ரயில்வேயும் ஒரே மேசையில் அமர வேண்டும். நிலைய வாசலில் சில சைக்கிள்கள், வளாகம் வரை பாதுகாப்பான ஒரு பாதை: தறிக்காரரின் மகளுக்குத் தேவைப்படுவது இவ்வளவுதான்.